பழைய கைத்துப்பாக்கி: விலையும் மதிப்பும்

கேள்வி: திருவையாற்றுக்கு அருகில் மிராசுதாரராக இருந்த எங்கள் பாட்டனாரின் பரண் பெட்டியில் வெப்ளி என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் ரிவால்வர் ஒன்றும், பித்தளைப் பூண் போட்ட, குழல்வாய் வழியே வெடிமருந்து கிட்டிக்கும் கைத்துப்பாக்கி ஒன்றும் கிடைத்துள்ளன. இவற்றைக் கொண்டு ஒரு சேகரிப்பைத் தொடங்க விரும்புகிறேன். செலவு எவ்வளவு ஆகும்? பின்னாளில் விலை ஏறுமா? – வாசகர், கும்பகோணம்.

பதில்: விலையைப் பேசுமுன் உரிமத்தைப் பேச வேண்டியிருக்கிறது. பாட்டனாரின் உரிமம் அவரோடு முடிந்துவிட்டதால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ரிவால்வரைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு என்ற முறையில் உரிமம் பெற்றால் அதைத் திரும்பக் கேட்கலாம். பழையது என்பதற்காக மட்டும் சட்டம் விலக்கு அளிப்பதில்லை. பழுது பார்த்தாலும் சுட முடியாத வழக்கொழிந்த ஆயுதத்துக்கே 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. இரண்டாவது துப்பாக்கி அதில் அடங்குமா என்பதை நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். தவிர, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. இரண்டே துப்பாக்கிகளைச் சேகரிப்பு என்று சொல்லிக்கொள்வது சற்று மிகைதான்!

மதிப்பைப் பொறுத்தவரை, வயதைவிட அரிதாயிருப்பதும் அசல் நிலை கெடாதிருப்பதுமே முக்கியம். உங்கள் ரிவால்வர் 1915இல் பிரிட்டிஷ் படை ஏற்ற வெப்ளி ஆறாம் வகையானால், அவ்வகை ஏராளமாகச் செய்யப்பட்டதால், அது அபூர்வப் பொருளன்று. மருந்து கிட்டிக்கும் துப்பாக்கியின் விசைத்தகட்டில் (சுடும் விசை பொருத்திய பக்கத் தகட்டில்) கிழக்கிந்தியக் கம்பெனியின் இதய வடிவ முத்திரை தென்பட்டால், அதை ஒரு வல்லுநரிடம் காட்டுவது நல்லது. அதுவரை புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். நூறாண்டுகளாகப் படிந்த நிறம் ஒரே நாளில் போய்விட்டால் விலையில் பெரும்பகுதியும் அதோடு போய்விடும்.

இலண்டன் ஏலத் தொகைகளைப் பார்த்து மயங்க வேண்டாம். நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. உள்நாட்டிலோ, சுடக்கூடிய துப்பாக்கியை உரிமம் உள்ளவர் மட்டுமே வாங்க முடியும் என்பதால் வாங்குவோர் சிலரே. உரிமப் புதுப்பிப்பு, தேர்தல் காலத்தில் ஒப்படைக்கும் அலைச்சல், ஐப்பசி ஈரத்தில் ஏறும் துருவைத் தடுக்கும் பராமரிப்பு ஆகியவற்றையும் கணக்கிட்டால், முதலீடாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குடும்ப நினைவாகப் போற்றுவதானால் அது வேறு.

ரிவால்வரில் தோட்டா இருக்கக்கூடும் என்பதால் அதைக் கையாளாமல், முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் தெரிவித்து அவர்கள் சொல்லும் முறைப்படி ஒப்படையுங்கள். துப்பாக்கியில் பொறித்துள்ள எண்ணைக் குறிப்பிட்டு ரசீது பெற மறவாதீர்கள்.