கோட்டைப் பாறையில் கயிறு கட்டி ஏற யாரிடம் அனுமதி கேட்பது?

கேள்வி: காரைக்குடி நண்பர்கள் நான்கு பேர், திருமயம் கோட்டைப் பாறையிலும் நார்த்தாமலையிலும் கயிறு கட்டி ஏறிப் பழக விரும்புகிறோம். தலைக்கு 3,000 ரூபாய் கொடுத்தால் எல்லா அனுமதியும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ‘எல்லா அனுமதி’ என்று ஒரு தாள் எந்த அலுவலகத்திலும் கிடையாது. இத்தகையவர்கள் காட்டுவது பெரும்பாலும் உங்கள் பெயரில் அவர்களே கொடுத்த மனுவின் நகல்தான். அதிலுள்ள முத்திரையை உற்றுப் பாருங்கள், ‘பெறப்பட்டது’ என்றிருக்கும். தபால் பிரிவில் யார் எதைக் கொடுத்தாலும் அந்த முத்திரை விழும். உண்மையான உத்தரவில் ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்), தேதி, இடத்தின் சர்வே எண், அதிகாரியின் கையொப்பம் நான்கும் இருக்கும். ஒன்று குறைந்தாலும் பணத்தை எடுக்காதீர்கள். கோட்டை நுழைவுச் சீட்டும் ஏறுவதற்கான அனுமதி ஆகாது.

திருமயத்தை விட்டுவிடுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அந்தக் குன்றில் கோட்டையும் குடைவரைகளும் பாறையோடு பாறையாக இருக்கின்றன. கயிற்றை மாட்டப் பாறையில் பதிக்கும் உலோக போல்ட்டுக்காக 10 மி.மீ. துளை போட்டாலும் அது சேதம்தான். தொல்லியல் சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சித்தன்னவாசலுக்கும் இதே பதில்.

நார்த்தாமலையில் பல குன்றுகள். விஜயாலய சோழீச்சுரம் இருக்கும் மேலமலைப் பக்கம் வேண்டாம். மற்றதற்கு முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் நிலம் எந்த வகை என்று பாருங்கள். காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலர், புறம்போக்கு என்றால் வட்டாட்சியர், கோயில் நிலம் என்றால் அந்தக் கோயிலின் செயல் அலுவலர். ஒருவர் மற்றவரைக் கைகாட்டி மாதக்கணக்கில் அலைய விடுவார்கள். ஒரு பாறை யாருடையது என்று சொல்லக்கூட இவ்வளவு தயக்கம். 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி, ‘இந்த சர்வே எண் எந்தத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது?’ என்று அந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பட்டா நிலம் என்றால் உரிமையாளர் எழுதிக் கொடுத்தால் போதும் என்பார்கள். பாதிதான் சரி. அதே பாறையில் பாதுகாக்கப்பட்ட சமணர் படுக்கையோ கல்வெட்டோ இருந்தால் பட்டா உங்களைக் காப்பாற்றாது. அறிவிப்புப் பலகை முன்வாசலில் மட்டும் இருக்கும். பின்பக்கமாக ஏறினால் கண்ணில் படாது. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்கும் சுரங்க வேலைக்கும் தடை. கயிறு கட்டுவது கட்டுமானம் அல்ல. ஆனால் துரப்பணத்தோடு நின்றால் எந்த அதிகாரியும் அந்த வேறுபாட்டைப் பொறுமையாகக் கேட்கமாட்டார். ஆகவே பட்டா நிலத்திலும் போல்ட் வேண்டாம். வெளிநாட்டுச் சுண்ணாம்புப் பாறைகளில் வரிசையாக போல்ட் இருப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டு இங்கேயும் அதையே தேடுகிறார்கள். நம் கருங்கல்லில் வெடிப்பு இருந்தால் அதில் இறுகிப் பிடிக்கும் நட், கேம் என்ற உலோகக் கருவிகளைச் செருகலாம், பிறகு எடுத்துவிடலாம். வழுவழுப்பான சரிவு என்றால் உச்சியில் உறுதியான மரத்திலோ அசையாத பெரும்பாறையிலோ தனித்தனியாக இரண்டு ஸ்லிங் (உறுதியான நாடா வளையம்) சுற்றி, மேலிருந்து கயிறு விடுங்கள்.

எந்த அனுமதி கையில் இருந்தாலும் மலைத்தேன் அடையோ கழுகு, வல்லூறு கூடோ தெரிந்தால் அந்தப் பக்கம் ஏறக்கூடாது. காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதை 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையாகவே கருதுகிறது.

‘அனுமதியே வேண்டாம்’ என்று அதே ஆள் கைவிட்ட கல்குவாரிக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். வெடி வைத்த சுவரில் உள்ளே விரிசல் ஓடியிருக்கும். வெளியே இறுக்கமாகத் தெரியும் கல் உங்கள் எடை விழுந்ததும் கையோடு பெயர்ந்து வரும்.