கேள்வி - பதில்: பழைய தேவாலயக் கோபுரத்தைப் பழுதுபார்க்க

கேள்வி: எங்க ஊர் மாதா கோயில் கோபுரம் செங்கல்லும் சுண்ணாம்புமா கட்டினதுங்க. எட்டு வருசத்துக்கு முன்னால சிமெண்ட் பூசினோம். இப்பத் தட்டினா பொக்குன்னு சத்தம் கேக்குது, உள்ளே செங்கல் மாவா உதிருது. இன்னும் கெட்டியாப் பூசினா நிக்குங்களா?
- வாசகர், தாராபுரம்

பதில்: நிற்காதுங்க, கேடு கூடும். சுண்ணாம்புச் சுவர் மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. அதில் விழும் மயிரிழை வெடிப்புகளில் புகுந்த தண்ணீர் திரும்பி வர முடியாமல் உப்பைக் கரைக்கிறது. பூச்சுக்குப் பின்னால் அது காயும்போது உப்பு இறுகி, செங்கல்லின் முகத்தைப் பெயர்த்துத் தள்ளுகிறது. நீங்கள் பார்க்கும் மாவு அதுதான்.

சிமெண்டை உச்சியிலிருந்து கீழ்நோக்கி, உளி சுத்தியலால் கையாலேயே கொத்தி எடுங்கள். பிரேக்கர் மெஷின் வேண்டவே வேண்டாம். உச்சியில் சுவர் மெலிந்திருக்கும், அதிர்வில் வரிசையே கழன்றுவிடும். செங்கல் இணைப்புகளை 20 மி.மீ. ஆழம் சுரண்டி, தூசி போக்கி, முந்தின நாளே நனைத்து வையுங்கள்.

மறுபடி பூசச் சுண்ணாம்புக் காரைதான் வேண்டும். அதற்குச் சுட்ட சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் சிறுகச் சிறுகப் போட்டு நீற்ற, அதாவது பொங்கிக் குழம்பாகக் கரைய விட வேண்டும். கல்லைக் குவித்து மேலே தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதித்துக் கண்ணில் தெறிக்கும். சல்லடையில் வடிகட்டி, ஒரு மாதமாவது தண்ணீருக்கடியில் ஊறட்டும். நீறாத குருணை தங்கினால் பூசிய பிறகு நீறி, சுவரில் அம்மைத் தழும்புபோலக் குழி விழும்.

கலவை: சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, மணல் 2. தூளுக்கு மிதமாக வெந்த செங்கல்தான் ஆகும். கருகி உருகியது சுண்ணாம்போடு சேராது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டால் காரை குழைவாக வரும். அளவு மிஞ்சினால் இறுகவே நாளாகும்.

ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நகம் பதியாத அளவுக்கு இறுகிய பிறகே அடுத்தது. பிறகு இரண்டு வாரம் ஈரச்சாக்கு போர்த்துங்கள். கடைசியில் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். எமல்ஷன் அடித்தால் சிமெண்ட் செய்த அதே கேட்டை அதுவும் செய்யும்.

கேள்வி: உச்சிச் சிலுவையின் அடியிலிருந்து நாலு பக்கமும் வெடிப்பு ஓடுதுங்க. பூசி மறைச்சா மறுபடியும் வருது.
- வாசகர், ஈரோடு

பதில்: சிலுவையின் இரும்புத் தண்டு உள்ளே துருப்பிடித்திருக்கும் என்றே தோன்றுகிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், ஆப்பு அடித்ததுபோலச் சுவரைப் பிளக்கும். முதலில் வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் வெடிப்பு இன்னும் நகர்கிறது என்று பொருள். அப்போது தண்டைக் கழற்றி, 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு மாற்றுவதே வழி. பழைய சிலுவையை வீசிவிடாதீர்கள். துரு நீக்கி, துத்தநாகப் பிரைமர் அடித்துப் புதுத் தண்டில் ஏற்றலாம்.

சாரம் நிற்கும்போதே இடிதாங்கியையும் பாருங்கள். 25×3 மி.மீ. செம்புப் பட்டை சட்டென மடங்காமல் நேரே மண்ணுக்கு இறங்க வேண்டும். மண் இணைப்பின் மின்தடை 10 ஓமுக்குள் இருக்கட்டும். கோடையில் மண் காய்ந்திருக்கும்போது அளப்பதே சரி.

கேள்வி: வேலையை எந்த மாசம் தொடங்கலாம்?
- வாசகர், உடுமலை

பதில்: தையில் சாரம் கட்டி, பங்குனிக்குள் முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து சுவர் காய்ந்திருக்கும். சித்திரை வெயிலில் காரை ஈரத்தைச் சீக்கிரம் இழந்து பொடியாகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாரத்தைச் சுவரில் துளையிட்டுப் பிடிக்காமல் ஜன்னல் வழியாகக் கட்டுங்கள். வேலை இழுத்துக்கொண்டே போய் ஆனி பிறந்துவிட்டால், முதலில் சாரத்தில் கட்டிய படுதாவை அவிழ்த்துவிடுங்கள். அது பாய்மரம்போலக் காற்றைப் பிடித்துச் சாரத்தையே சாய்த்துவிடும்.