டிடிஎஸ் எண்ணைப் பார்த்து சாஃப்ட்னர் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதில்லை, துவரம்பருப்பு வேகமாட்டேன் என்கிறது, ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிகிறது. ஒருவர் வந்து மீட்டரை முக்கி, "டிடிஎஸ் 1100, சாஃப்ட்னர் போட்டே ஆகணும்" என்கிறார். போடலாமா?

பதில்: அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீரில் கரைந்த உப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து உத்தேசமாக ஓர் எண் சொல்வதுதான் அந்த மீட்டரின் வேலை. சோப்பைக் கெடுப்பதும் கம்பியில் படிவதும் கால்சியமும் மெக்னீசியமும்தான். சாஃப்ட்னர், அதாவது கடினநீரை மென்னீராக்கும் கருவி, பிடிப்பதும் இவை இரண்டை மட்டுமே. கடல் பக்கத்து நிலத்தடி நீரில் சமையல் உப்பும் கலந்திருக்கும். அதை சாஃப்ட்னர் தொடாது. கரிப்பு அப்படியே இருக்கும், டிடிஎஸ்ஸும் பெரிதாக இறங்காது.

முதலில் வீட்டிலேயே பாருங்கள். பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள் (ஷாம்பு வேண்டாம், அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்). நுரைக்கு பதில் தயிர் திரிந்தாற்போல மிதந்தால் கடினநீர். அதே தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறியதும் தெளிவை இறுத்து மறுபடி குலுக்குங்கள். இப்போது நுரைத்தால் அது தற்காலிகக் கடினத்தன்மை: சூட்டில் கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கார்பனேட்டாக அடியில் தங்கிவிட்டது. உங்கள் கம்பியில் இருப்பதும் அதுதான்; சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்தால் பொங்கிக் கழன்றுவிடும். கரண்ட் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள். கொதித்தும் நுரைக்காவிட்டால் சல்பேட், குளோரைடு வகை நிரந்தரக் கடினத்தன்மை. துணி துவைக்க மட்டும் என்றால், வாளிக்கு ஒன்றிரண்டு ஸ்பூன் சலவைச் சோடா போதும்.

அப்புறம் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து 'மொத்தக் கடினத்தன்மை' எவ்வளவு என்று கேளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை விடலாம்.

500 வருகிறது, கரிப்பு இல்லை என்றால் சாஃப்ட்னர் வாங்கலாம். அதிலுள்ள ரெசின் (பிளாஸ்டிக் போன்ற சிறு மணிகள்) கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். அந்தச் சோடியம் தீர்ந்ததும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். 500 கடினத்தன்மையை முழுதாக எடுத்தால் லிட்டருக்குச் சுமார் 230 மில்லிகிராம் சோடியம் கூடுதலாகச் சேரும். அதனால் குளியலறைக்கும் ஹீட்டருக்கும் மட்டும் லைன் கொடுங்கள். இரத்த அழுத்தக்காரர் இருக்கும் வீட்டில் அதைக் குடிக்க வேண்டாம். செடிக்கும் வேண்டாம். டெல்டா களிமண்ணில் சோடியம் ஏறினால் மண் இறுகி, தண்ணீர் இறங்காது. கழுவிய உப்புத் தண்ணீரையும் தென்னை அடியில் விட்டுவிடாதீர்கள். விற்பவர் இதை அநேகமாகச் சொல்லமாட்டார்.

கரித்தால் ஆர்ஓ ஒன்றுதான் வழி, அதுவும் குடிக்க, சமைக்க மட்டும்.

பருப்புக்கு இதெல்லாம் தேவையே இல்லை. கால்சியம் பருப்பின் பெக்டினைப் பிடித்துக்கொள்வதால்தான் அது வேகாமல் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைத்தண்ணீரைப் பிடித்து மூடி வையுங்கள். இல்லையென்றால் குழாயில் வரும் கொள்ளிடத் தண்ணீரில் வேகவையுங்கள்.