நோட்டில் தப்பே இல்லை, பரீட்சையில் வெறும் தாள்

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சில மாதங்களாக வீட்டுப்பாட நோட்டுகளில் ஒரு தப்பு இல்லை, அடித்தல் திருத்தல்கூட இல்லை. வீட்டுப் போனில் ஏ.ஐ.யிடம் கேட்டு எழுதி வருகிறார்கள். அதே கணக்கைப் பரீட்சையில் கொடுத்தால் பாதிப் பேர் வெறும் தாளைத் தருகிறார்கள். போனைத் தடுப்பதா, வீட்டுப்பாடத்தையே நிறுத்துவதா? வகுப்புக்கு வந்திருக்கும் ஸ்மார்ட் போர்டை வைத்து என்ன செய்வது?
- ஓர் ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: டீச்சர், போன் அவர்கள் வீட்டில் இருக்கிறது, உங்களால் தடுக்க முடியாது, அந்தச் சண்டையை விட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் கவலை நூற்றுக்கு நூறு நியாயமானது. துருக்கியில் ஏறக்குறைய 1000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து இதையே சோதித்துப் பார்த்தார்கள். கேட்டால் விடை சொல்லும் சாட்ஜிபிடி மாதிரியான ஒன்றைக் கொடுத்தபோது பயிற்சிக் கணக்கில் 48 சதவீதம் கூடுதலாக எடுத்த பிள்ளைகள், அதை வாங்கி வைத்துவிட்டுப் பரீட்சை எழுதச் சொன்னதும், அதைத் தொடவே தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு விடை சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி, ஆசிரியர்களின் உதவியோடு அமைத்த கருவியைக் கொடுத்தார்கள். அங்கே இந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

ஏன் இப்படி என்று உங்களுக்கே தெரியும். தள்ளுபடிக் கணக்கையே எடுங்கள். 25 சதவீதத் தள்ளுபடி போக ஒரு சட்டை 600 ரூபாய், குறித்த விலை என்ன என்று கேட்டால் ஒரு பிள்ளை 750 என்று எழுதும். அந்த 750-ஐப் பார்த்ததுமே, 600-இல் 25 சதவீதம் எடுத்துக் கூட்டியிருக்கிறது, தள்ளுபடி குறித்த விலையில் போடப்பட்டது என்பது இன்னும் பிடிபடவில்லை என்று உங்களுக்குப் புரிந்துவிடும். போனைப் பார்த்து 800 என்று எழுதி வந்த நோட்டில் அந்தத் தடயமே கிடையாது. பிள்ளை எங்கே வழுக்கியது என்பது உங்களுக்கும் தெரியாமல் போகிறது, அதற்கும் தெரியாமல் போகிறது.

அதனால் கணக்குப் போடும் வேலையை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் பாட வீடியோக்கள் இருக்கின்றன. வீட்டில் பார்த்து வா என்று சொல்ல வேண்டாம், பல வீடுகளில் இருக்கிற ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஸ்மார்ட் போர்டில் நீங்களே பத்து நிமிடம் போட்டுக் காட்டிவிட்டு அணைத்துவிடுங்கள், மிச்ச நேரம் முழுக்கப் பிள்ளைகள் நோட்டில் போடட்டும், நீங்கள் பெஞ்சு பெஞ்சாகப் போய் எட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரு நாள் ஏ.ஐ. சொன்ன வழிமுறையைப் போர்டில் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஏன் என்று வகுப்பையே கேளுங்கள்.

வீட்டுப்பாடத்தை நிறுத்த வேண்டாம், மூன்று கணக்காகக் குறையுங்கள். மறுநாள் காலையில் எண்ணை மட்டும் மாற்றி, யாராவது ஒருவரைப் போர்டில் போடச் சொல்லுங்கள். நோட்டுக்கு மதிப்பெண் வேண்டாம். போன் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுங்கள்: "விடை சொல்லாதே, நான் எந்த வரியில் தப்பு செய்தேன் என்று மட்டும் சொல்." பெற்றோர் கூட்டத்திலும் இதையே சொல்லுங்கள்.

உங்கள் பள்ளியில் கணினிகள் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கும் மையங்களில் வைத்துப் பார்த்தார்கள், ஆய்வு 2019-இல் வெளியானது. அங்கே வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். பிள்ளை உண்மையில் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்து மென்பொருள் கேள்வி கேட்டது, நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. இதைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: 90 நிமிடத்தில் பாதி நேரம்தான் கணினி, மீதிப் பாதியில் சிறு குழுவாக உட்காரவைத்து ஓர் ஆள் சொல்லிக்கொடுத்தார். நாற்பது பேர் வகுப்பில், வகுத்தலே வராத பிள்ளையைக் கவனிக்க உங்களுக்கு நேரமே கிடைப்பதில்லை, இல்லையா? மற்றவர்கள் கணினி முன்னால் இருக்கும் நேரம் அந்தப் பிள்ளைக்குத்தான்.

திங்கட்கிழமையே தொடங்குங்கள். அடித்தல் திருத்தலோடு நோட்டுகள் வர ஆரம்பித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.