வெட்டி ஒட்டிய வண்டி கலையாகுமா?

கேள்வி: அமெரிக்காவில் கையால் உருவாக்கப்படும் ‘ஹாட் ராட்’ கார்களைக் கலைப்படைப்பு என்கிறார்களே, பழைய வண்டியை வெட்டி ஒட்டுவதற்கு அந்தப் பெயர் தகுமா?
– டிங்கரிங் பட்டறைக்காரர், தண்டையார்பேட்டை

பதில்: தகும் என்றே கருதுகிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே, கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் போட்டிக்காக இளைஞர்கள் பழைய ஃபோர்டு வண்டிகளின் மட்கார்டுகளைக் கழற்றி எடையைக் குறைத்தனர். 1932-இல் ஃபோர்டு மலிவு விலையில் தந்த வி-8 என்னும் எட்டு சிலிண்டர் எஞ்சின் அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. வேகத்துக்காகச் செய்த மாற்றங்களே பின்னர் அழகின் இலக்கணமாயின. 1950 முதல் ஓக்லாந்து கண்காட்சியில் மிக அழகிய ரோட்ஸ்டருக்கு, அதாவது நிலையான கூரையில்லாத திறந்த காருக்கு, பரிசே வழங்கினார்கள்.

கூரையைத் தாழ்த்தும் வேலையின் அருமை உங்களுக்குத் தெரியாததன்று. கூரையைத் தாங்கும் தூண்களில் சில அங்குலம் அறுத்தெடுத்தால், அவை சாய்வாக இருக்கும் வண்டிகளில் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் பொருந்துவதில்லை என்பதால், கூரைத் தகட்டையே பிளந்து, இடையில் துண்டு வைத்துப் பற்றவைத்து, ஒட்டுத் தெரியாமல் ஈயம் பூசி அரத்தால் இழைக்க வேண்டும். எவ்வளவு அறுப்பது என்பதைச் செய்பவரின் கண்ணே தீர்மானிக்கிறது. (ஆயத்தமாக விற்கும் ஃபைபர் கூடுகளை வாங்கிப் பூட்டுவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.)

நீங்களும் முயலலாம், ஆனால், தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், அந்த வண்டியைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓட்ட ஆசைப்படாதீர்கள்.