பெண்கள் ஏன் புருவம் எடுக்க மாதாமாதம் பார்லருக்குப் போகிறார்கள்? வீட்டிலேயே செய்துகொள்ள முடியாதா?

பிளக்கர் வைத்து ஒன்றிரண்டு முடியை வீட்டில் எடுக்கலாம், ஆனால் இரண்டு புருவத்தையும் ஒரே அளவில் கொண்டுவருவதுதான் கஷ்டம். ஒரு பக்கம் கூடுதலாகப் போய்விட்டது என்று மறுபக்கத்தைக் குறைக்கப்போய், கடைசியில் இரண்டுமே மெலிந்துவிடும்.

பார்லரில் கொஞ்சம் பவுடர் பூசி, ஒரு கையால் இமையையும் மறு கையால் நெற்றியையும் இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். முறுக்கிய பருத்தி நூல் ஒரு வரிசை முடியை ஒரே இழுப்பில் வேரோடு எடுத்துவிடும். கண்ணில் நீர் வரும், சிலருக்குத் தும்மலும் வரும். ஆனால் ஐந்து, பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஃபேஷியலோடு பார்த்தால் செலவும் மிகக் குறைவு. மேக்கப்பே போடாத பெண்களும் இதை விடாமல் செய்வதற்கு, முகம் சட்டென்று திருத்தமாகத் தெரிவதே காரணம் என்பேன். மூன்று, நான்கு வாரத்தில் முடி திரும்ப வளர்ந்துவிடும், அதனால்தான் மாதாமாதம் போக வேண்டியிருக்கிறது. இன்று லண்டன், நியூயார்க் கடைத்தெருக்களிலும் நூலில் புருவம் எடுக்கிறார்கள். அங்கே இதைப் பரப்பியதில் தெற்காசியப் பெண்களுக்குப் பெரும் பங்குண்டு.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வது இன்னும் பல இடங்களில் வழக்கம். கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்பவரிடம் போவது சுத்தம். முகப்பருவுக்கு ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) கிரீம் தடவுகிறவர்கள், நூலுக்குப் பதிலாக மெழுகு பூசி முடியை இழுத்தெடுக்கும் வேக்சிங் பக்கமே போகாதீர்கள், தோலும் சேர்ந்து உரிந்துவிடலாம்.