தேய்த்தால் போகாத கறைகள்

தருமபுரியில் நான் பார்லர் வைத்து 18 வருடம் ஆகிறது. நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் கேட்பதும், கடிதத்தில் வருவதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, எதைத் தேய்த்தால் போகும்?" இந்த முறையும் அதுவே அதிகம். வந்த கேள்விகளும், ஒவ்வொன்றுக்கும் கீழே என் பதிலும் இதோ.

எனக்கு 23 வயது, பென்னாகரம் பக்கம் கிராமம். மேல்வரிசை முன்பற்களில் பழுப்புக் கோடு கோடாக இருக்கிறது. தை மாதம் கல்யாணம். சாம்பல், உப்பு, எலுமிச்சை எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டேன். போட்டோவில் வாய் திறந்து சிரிக்கவே பயமாக இருக்கிறது.

முதலில் அந்த எலுமிச்சையை இன்றோடு நிறுத்திவிடும்மா. உன் பல்லில் இருப்பது அழுக்கு இல்லை. நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்க் கிணறுகள் அதைத் தாண்டியவை. பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்தால் பல்லின் மேலோடான எனாமலிலேயே நிறம் பிடித்துவிடும். மேலே படிந்த கறை என்றால் தேய்த்து எடுக்கலாம்; இது பல்லோடு சேர்ந்தே வளர்ந்தது. சாம்பல் எனாமலை அராவும், எலுமிச்சைப் புளிப்பு அரிக்கும். கடைசியில் கோடு அப்படியே இருக்கும், பல் கூச்சம்தான் மிச்சம்.

என் முன்பல் இரண்டிலும் இதே கோடு உண்டு. பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன். அதனால் உன் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது.

பார்லரில் இதற்கு வழியில்லை, பல் டாக்டரிடம் போ. லேசான கறை என்றால் எனாமலின் மேற்பரப்பை மிக மெல்லிசாக மெருகேற்றியும், ப்ளீச்சிங் செய்தும் குறைக்கிறார்கள். ஆழமாக இருந்தால் பல்லின் நிறத்திலேயே பூச்சு வைக்கலாம், அல்லது வெனீர் என்கிற மெல்லிய தகட்டைப் பல்லின் முன்பக்கம் ஒட்டலாம். வெனீருக்குப் பெரும்பாலும் பல்லைக் கொஞ்சம் சீவ வேண்டியிருக்கும். சீவியது திரும்ப வளராது. எனவே சின்ன சிகிச்சையில் தொடங்கச் சொல்லிக் கேள். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் ஓடாதே, இரண்டு மாதம் முன்பே போய்விடு.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இன்னொன்று. 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைக் குடிக்க மட்டும் பிடித்து வைத்துவிட்டு, சோற்றுக்கும் குழம்புக்கும் போர்வெல் தண்ணீரை ஊற்றும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

அரூரில் மாமியார் வீட்டுக்கு வந்ததிலிருந்து முடி நார் மாதிரி ஆகிவிட்டது. கொட்டவும் செய்கிறது. குழந்தைக்கு நான்கு மாதம். உப்புத் தண்ணீர்தான் காரணமா?

முடி நார் மாதிரி ஆவதற்குத் தண்ணீர் காரணமாக இருக்கலாம். கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து முடியில் ஒட்டிக்கொள்ளும். தலைக்கு சோப்பு வேண்டாம், ஷாம்பு போடுங்கள். கடைசியாக அலசும் ஒரு சொம்பு மட்டும் மழைத் தண்ணீராகவோ குடிதண்ணீராகவோ இருக்கட்டும். அதுவும் இல்லாத நாளில், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து அலசுங்கள்.

கொட்டுவது வேறு கதை. பிரசவம் முடிந்து இரண்டு முதல் நான்கு மாதத்தில் கொத்தாகக் கொட்டுவது பெண்கள் பலருக்கும் நடப்பதுதான். ஒரு வருடத்துக்குள் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தால் ரத்தத்தில் இரும்புச் சத்தும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். அதற்கு முன் எந்த எண்ணெய் விளம்பரத்துக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

பர்கூர் பக்கம் மாந்தோப்பில் காய் பறிக்கிறேன். கன்னத்தில் பால் தெறித்துப் புண்ணாகி, ஆறினபின் கறுப்பாகத் தழும்பு நிற்கிறது. மஞ்சளும் ரவையும் போட்டுத் தேய்க்கிறேன்.

ரவையை உப்புமாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. காம்பு ஒடிந்ததும் பீய்ச்சும் அந்தப் பால் அமிலம் மாதிரி தோலைச் சுடும். பெங்களூரா மாங்காய் லோடு ஏற்றுகிறவர்கள் கைகளைப் பார்த்தால் தெரியும், மணிக்கட்டு வரை பொட்டுப் பொட்டாக இருக்கும். கறுப்பு என்பது சுட்ட இடத்தில் தோல் கூடுதலாக நிறம் போட்டுக்கொண்டது. தேய்த்தால் மறுபடி புண்ணாகும், இன்னும் கறுக்கும். வெயில் பட்டாலும் அப்படித்தான். எஸ்பிஎஃப் 30 சன்ஸ்க்ரீன் தடவி, முந்தானையால் கன்னத்தை மறைத்துக் கட்டிக்கொண்டு போங்கள். சில மாதங்களில் தானாக மங்கும். இனி பால் பட்டால் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்காதீர்கள். உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். காம்பைக் கொஞ்சம் நீளமாக விட்டுப் பறித்தால் பால் தெறிப்பதே குறையும்.

ஓசூரில் வேலை பார்க்கிறேன். தோழி சொன்ன க்ரீமைப் போட்டதும் ஒரே வாரத்தில் முகம் வெளுத்தது. ஆறு மாதம் கழித்து இப்போது போடாவிட்டால் எரிகிறது, சிவக்கிறது, பூனை முடி வளர்கிறது.

இந்தக் கடிதத்தைப் படித்து உண்மையிலேயே வருத்தப்பட்டேன். இதே முகங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. தோல் நோய்க்கு டாக்டர் சில நாட்களுக்கு எழுதித் தருகிற மருந்து அது. 2018-லேயே இப்படிப்பட்ட க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, முடி வளரும். நீங்களாகவும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், எரிச்சல் தாங்க முடியாது. ட்யூபையும் கையில் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் டாக்டரைப் பாருங்கள். அதுவரை ஃபேஷியல், ப்ளீச் எதுவும் வேண்டாம். யார் பார்லரிலும் வேண்டாம், என் பார்லரிலும் வேண்டாம்.

ஹெல்மெட் போட்டுப் போட்டுப் பொடுகு. எண்ணெய் வைத்தால் போகுமா?

போகாது தம்பி, கூடும். பொடுகுக் கிருமிக்கு எண்ணெய்தான் தீனி. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இரண்டு முறை போட்டு, 5 நிமிடம் ஊற விட்டு அலசுங்கள். நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள். ஹெல்மெட் உள்துணியையும் துவைத்துக் காயப் போடுங்கள்.

ஷிஃப்டு முழுக்க நின்றுகொண்டே வேலை. கெண்டைக்கால் கல்லாகிவிடுகிறது. ஒகேனக்கல் போய் ஆயில் மசாஜ் செய்யலாமா? அம்மாவையும் கூட்டிப் போகட்டுமா? அம்மாவுக்கு சுகர் இருக்கிறது, காலில் நரம்பு முடிச்சும் உண்டு.

நீங்கள் தாராளமாகப் போகலாம் தம்பி. ஆற்றங்கரையில் எண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டு அருவியில் நிற்கும்போது வருகிற சுகமே தனி. ஆனால் முதுகெலும்பில் டிஸ்க் தொந்தரவு, காய்ச்சல், அடிபட்ட வீக்கம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கழுத்தை வெடுக்கென்று சொடுக்க விடாதீர்கள். ஒரே காலில் மட்டும் வீக்கமும் சூடும் வலியும் இருந்தால் மசாஜே கூடாது. ரத்தம் கட்டியிருக்கலாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மாவுக்கு அந்த அழுத்தமான பிடி வேண்டாம். நரம்பு முடிச்சின் மேல் யாரும் அழுத்தித் தேய்க்கக் கூடாது. வீட்டிலேயே நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, உள்ளங்கையால் தோளிலும் முதுகிலும் தடவிவிடுங்கள், அரை மணி நேரம் போதும். குளிக்கிற தண்ணீரின் சூட்டை நீங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். சுகர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் சூடு உறைக்காமலே கொப்புளம் வந்துவிடும். விரல் இடுக்கைத் துடைத்து, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு ஒருநாள் சமையலையும் பாத்திரத்தையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி.